நாக்பூருக்கு அந்தப் பக்கம்

நவம்பர் 3, திங்கள்

பழைய டீசல் வண்டியைக் கொடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. அடுத்து எந்த வண்டி என்பதுதான் வழக்கு. மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஓர் ஆணிகூடப் புதிதாக வாங்க மாட்டோம். ஆகவே கார்த்திகை முடிவதற்குள் தீர்ப்பு வந்தாக வேண்டும்.

வாதி வசந்தாமணி, என் வீட்டுக்காரி. நைட்டி தைக்கும் யூனிட் வைத்திருக்கிறாள். அவள் கேட்பது முழு மின்சார எஸ்யூவி. பிரதிவாதி நாச்சிமுத்து ஆகிய நான். கணபதியில் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை. நான் கேட்பது பிளக்-இன் ஹைப்ரிட். அவிநாசி ரோட்டில் ஒரே ஷோரூமில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

மின்சார வண்டியில் பெட்ரோல் டேங்க்கே கிடையாது, வயிறு முழுக்க பேட்டரி. நிரப்பினால் நானூறு கிலோமீட்டர் போகும், அப்புறம் சார்ஜர் தேட வேண்டும். ஹைப்ரிட்டில் ஒரு சின்ன பேட்டரியும் மோட்டாரும் இருக்கின்றன, கூடவே பெட்ரோல் எஞ்சினும் இருக்கிறது. வீட்டில் பிளக்கைச் சொருகி வைத்தால் முதல் அறுபது கிலோமீட்டர் கரண்டில் ஓடும். அது தீர்ந்தால் பெட்ரோல். வசந்தாமணி அதற்கு 'ரெண்டு பொண்டாட்டிக்காரன்' என்று பேர் வைத்துவிட்டாள். "ரெண்டையும் காப்பாத்தோணும், ரெண்டும் கோவிச்சுக்கும்" என்கிறாள்.

என் கட்சிக்கு ஒரே காரணம் நாற்பத்தி நாலாம் நம்பர் நெடுஞ்சாலை. கன்னியாகுமரியில் ஆரம்பித்துக் காஷ்மீர் வரை போகிற ரோடு. துண்டு துண்டாக நாக்பூர் வரை ஓட்டி முடித்துவிட்டேன். நாக்பூருக்கு அந்தப் பக்கம்தான் பாக்கி. அறுபத்திரண்டு வயதில் எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை. சம்பல் பள்ளத்தாக்கில் சார்ஜரைத் தேடிக்கொண்டு நிற்கவும் தெம்பில்லை.

கண் டாக்டரம்மா மட்டும் என் ஓரப் பார்வை சுருங்குகிறதோ, அதிலும் இடது பக்கம் அதிகமோ என்று சந்தேகப்படுகிறார். ஒரு பரிசோதனை இருக்கிறதாம். அதன் முடிவைப் பார்த்துத்தான் நான் வண்டி ஓட்டலாமா கூடாதா என்று சொல்வாராம். கண் டாக்டர் கண்ணைச் சந்தேகப்படாமல் காதையா சந்தேகப்படுவார்!

நவம்பர் 5, புதன்

பட்டறையில் மூன்று மோட்டார் முடிந்தது. மாலையில் மழை. வீட்டுக் கேட் தூணில் இடித்து வண்டியின் இடது கண்ணாடி உடைந்துவிட்டது. பதினான்கு வருடமாக அதே கேட், அதே வண்டி. தூண் மழையில் ஊறிப் பருத்திருக்க வேண்டும்.

வசந்தாமணி காபியை இப்போதெல்லாம் என் வலது கைப்பக்கம் கொண்டுவந்து வைக்கிறாள். எதற்குப் பழக்கத்தை மாற்றினாய் என்று கேட்டால், "குடிங்க, ஆறுது" என்கிறாள்.

நவம்பர் 8, சனி

மின்சார வண்டியை ஓட்டிப் பார்த்தோம். எதிர்க்கட்சிக்காரனாக இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அசந்துவிட்டேன்.

ஏறி உட்கார்ந்தால் உறுமல் இல்லை, உதறல் இல்லை. திரையில் 'ரெடி' என்று ஒரு சொல் வருகிறது, வண்டி உயிரோடு இருப்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம். எஞ்சினுக்குச் சூடேற வேண்டும், கியர் மாற்ற வேண்டும், மேட்டில் கெஞ்ச வேண்டும். மோட்டார் அப்படி இல்லை, மிதித்த கணமே முழு பலத்தையும் கொடுத்துவிடுகிறது. நாற்பது வருடமாகக் கிணற்றுக்குள்ளும் போர்வெல்லுக்குள்ளும் நான் இறக்கிவிட்ட சாதிதான் இது. தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டு இருட்டில் கிடந்தவன் இப்போது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்துவிட்டான். காலை எடுத்தால் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ஓடிய வேகத்தையே கரண்டாக்கி பேட்டரிக்குள் திருப்பிப் போடுகிறது. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அது என் காலடியில் நடந்தபோது கண் கலங்கிவிட்டது.

அடுத்து வசந்தாமணி ஓட்டினாள். எங்கள் டீசல் வண்டியில் கிளட்ச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டு மார்க்கெட் வரை போய் வருவாள், அவ்வளவுதான். கிளட்ச் இல்லாத வண்டியில் அவள் வேறு ஆள். லட்சுமி மில் சிக்னலில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு அலுங்காமல் நின்றாள். ஷோரூம் பெண் ஷர்மிளா, "மேடம், பிரேக்கத் தொடாம ஒரே பெடல்ல ஓட்டறது கத்துக்க எல்லாருக்கும் ஒரு வாரம் ஆகுமுங்க" என்றார். இவளுக்கு ஒரு சிக்னல் போதுமாக இருந்தது.

திரும்பி வந்ததும் வீட்டிலிருந்து கொண்டுவந்த நைட்டி மூட்டையை டிக்கியில் வைத்துப் பார்த்தாள். உள்ளே போய் உட்கார்ந்தது. இன்னொரு மூட்டைக்கும் இடம் இருந்தது. ஷோரூமே வேடிக்கை பார்த்தது, இவள் கண்டுகொள்ளவே இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

இன்று என் கட்சிக்காரன். மருதமலை அடிவாரம் வரை ஹைப்ரிட்டை எடுத்துப்போனோம்.

ஊருக்குள் முழுக்கக் கரண்டில் போயிற்று. பலர் ஓட்டிப் பார்த்த வண்டி, பேட்டரியில் கொஞ்சம்தான் மிச்சம். அது இறங்கட்டும் என்று காத்திருந்து, எஞ்சின் எப்போது சேர்ந்துகொள்கிறது என்று காதைத் தீட்டி வைத்திருந்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. திரையில் படம் மாறிய பிறகுதான் தெரிந்தது. மோட்டார் இழுக்கிற இடத்தில் மோட்டார், எஞ்சின் இழுக்க வேண்டிய இடத்தில் எஞ்சின். ஒரே கல்யாண வீட்டில் இரண்டு சமையல்காரர்கள் சண்டையில்லாமல் வேலை பார்ப்பதை இன்றுதான் பார்த்தேன். இதை யோசித்தவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

குறையும் இருக்கிறது. டிக்கி சின்னது, வசந்தாமணியின் மூட்டை பின்சீட்டில் பயணியாக வந்தது. தினமும் பிளக் போடச் சோம்பல்பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பேட்டரிய வெறுஞ்சுமையா தூக்கிட்டு பெட்ரோல்ல ஓடுமுங்க சார். சோம்பேறிக்கு இந்த வண்டி வேண்டாமுங்க" என்றார் ஷர்மிளா. விற்க வந்தவர் இப்படிப் பேசியதும் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

ஆனால் பயந்த சுபாவம். வடவள்ளி திருப்பத்தில், "சார், லெஃப்ட்ல ஸ்கூட்டர்!" என்று கத்தினார். ஸ்கூட்டர் எங்கிருந்தோ முளைத்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். திரும்பும்போது ஷர்மிளா தாமாகவே சாவியை வாங்கி வசந்தாமணி கையில் கொடுத்தார். பெண்ணுக்குப் பெண் ஆதரவு.

நவம்பர் 18, செவ்வாய்

கண் பரிசோதனை. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது வெளிச்சப் பொட்டு வந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. சும்மா இருந்தால் தோற்றுப்போவோமே என்று நடுநடுவே நானாகவும் அமுக்கி வைத்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். என் வழக்கமான மாத்திரைச் சீட்டைக் கொடுத்து வசந்தாமணியைக் கீழே மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டு, நான் மட்டும் உள்ளே போனேன். பொய்யாக எத்தனை தடவை அமுக்கினேன் என்பதையும் அந்த எந்திரம் எழுதி வைத்திருக்கிறது. கெட்டிக்கார எந்திரம்.

ஊசி இல்லை. சொட்டு மருந்துதான். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை என்று வசந்தாமணியிடம் சொன்னேன். "வண்டிய நான் எடுக்கட்டுங்களா?" என்றாள். "ஏன், எனக்கென்ன கேடு?" என்றேன். நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். புரூக்பாண்ட் ரோட்டில் நல்ல நெரிசல்.

நவம்பர் 24, திங்கள்

நாக்பூரிலிருந்து ஜான்சி, ஜான்சியிலிருந்து ஆக்ரா. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். ஹைப்ரிட்தான். வேறு பேச்சுக்கு இடமில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

வசந்தாமணியின் தம்பி சென்னியப்பன் முந்திக்கொண்டான். அதே ஷோரூமில் அதே மின்சார வண்டியை எடுத்துவிட்டான். நூல் வியாபாரி, காலையில் நினைத்ததை மாலையில் செய்கிறவன். இன்று ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலில் பூஜை.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒரு வழக்கம் உண்டு. யார் புது வண்டி வாங்கினாலும், பூஜை முடிந்ததும் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தின் மேல் முதலில் ஏற்றுவது நான்தான். என் கைராசி அப்படி. மொபெட்டிலிருந்து லாரி வரை ஏற்றியிருக்கிறேன், ஒன்றும் வீண்போனதில்லை.

ஐயர் சந்தனம் பூசி, மாலை போட்டு, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். வண்டி சத்தமே போடாமல் தயாராக நின்றது. கியரைப் போட்டுவிட்டு, ஐயர் கையசைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசைத்தார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி எதையோ பார்த்துப் பீப் பீப் என்று கத்தியது. மாலையையும் மஞ்சளையும் பார்த்தால் அது கத்தத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குள் பானெட்டின் மேல் படார் என்று ஓர் அறை. வசந்தாமணி. "நிறுத்துங்க!"

நிறுத்தினேன். முன்பக்க இடது சக்கரத்துப் பழம் உருண்டு ஓடியிருக்கிறது. அதை எடுத்து வைக்க சென்னியப்பன் குனிந்திருக்கிறான். பம்பர் அவன் தோளைத் தள்ளி மண்ணில் உட்கார வைத்துவிட்டது. எஞ்சின் சத்தம் இருந்திருந்தால் அவனே சுதாரித்திருப்பான். இந்த வண்டி பூனை மாதிரி வருகிறது.

"ஒண்ணும் ஆகலீங்க மச்சான், வேட்டிதான் மண்ணாச்சு" என்று எழுந்து தட்டிக்கொண்டான். திருஷ்டி கழிந்துவிட்டது என்றார் ஐயர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வசந்தாமணி சிரிக்கவில்லை. அவள் உள்ளங்கை சிவந்து கன்றியிருந்தது. பழங்களின் மேல் சென்னியப்பனே வண்டியை ஏற்றிக்கொண்டான்.

டிசம்பர் 1, திங்கள்

வண்டிக்கு முன்னால் குனிந்தது அவன் தப்பு.

டிசம்பர் 2, செவ்வாய்

அவன் தப்பில்லை. கண்ணாடி வழியாக அவன் எனக்கு எதிரில்தான் இருந்தான். வண்டி அவனைப் பார்த்தது. வசந்தாமணி பார்த்தாள். பூ விற்கிற அம்மாகூடப் பார்த்திருப்பாள். நான் பார்க்கவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

டாக்டரம்மா சொன்னதைச் சாப்பாட்டு நேரத்தில் வசந்தாமணியிடம் சொல்லிவிட்டேன். போன பார்வை திரும்பாது. இருக்கிறதை மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம். வண்டி ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்று அவர் சொன்ன பிறகும் நான் ஓட்டிக்கொண்டு வந்தேன், அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள்.

"எனக்குத் தெரியுமுங்க. ஆடி மாசத்துல ரெண்டு டம்ளரத் தட்டி உட்டீங்க. ரெண்டும் பீச்சாங்கைப் பக்கம். அப்ப இருந்தே சாமானெல்லாம் சோத்தாங்கைப் பக்கம் வெக்கறேன்."

"ஏம்புள்ள, சொல்லலாமில்ல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஈச்சனாரியில அவன் எந்திரிக்கற வரைக்கும் என்ற உசுரு என்ற கையில இல்லீங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. வலது பக்கம் இருந்த மோரை எடுத்துக் குடித்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆழியாறு வரை போய்வர சென்னியப்பனிடம் அவன் வண்டியைக் கேட்டேன். "அக்கா ஓட்டறதுன்னா எடுத்துட்டுப் போங்க மச்சான். நீங்க ஓட்டறதுன்னா நான் மொதல்ல மொட்டை மாடிக்குப் போயிக்கறேன்" என்றான். பேசட்டும். தோள் வலி அவனுக்குத்தான்.

முதன்முறையாகப் பொள்ளாச்சி ரோட்டில் இடது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனேன். தேங்காய் லாரி குறுக்கே வந்ததும் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. "அங்க பிரேக் இல்லீங்க" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே.

நன்றாக ஓட்டுகிறாள். சும்மா புகழ்ச்சிக்கு எழுதவில்லை. நான் ஹாரன் அடித்து விலக்குகிற இடத்தில் அவள் காலைக் கொஞ்சம் எடுக்கிறாள், மோட்டாரே வண்டியை அடக்கிவிடுகிறது. முந்துகிறவனுக்கு வழி விடுகிறாள். முந்த வேண்டிய இடத்தில் தயக்கமே இல்லை, ஒரே மிதி, லாரி பின்னால் போய்விட்டது. பிரேக்கைத் தொட்ட நேரத்தைவிடத் தொடாத நேரம்தான் அதிகம். ஆழியாறு போவதற்குள் கரண்ட் வண்டியின் நெளிவு சுளிவு அத்தனையும் அவள் காலுக்குள் வந்துவிட்டது. அவளைப் பார்த்துக்கொண்டே போனதில் அணையை நான் சரியாகப் பார்க்கவில்லை.

திரும்பும்போது ஒரு சங்கடம். சென்னியப்பன் குடியிருக்கும் அடுக்குமாடியில் சார்ஜ் பாயிண்ட் வைக்க இன்னும் சங்கத்தார் சம்மதிக்கவில்லை. அதனால் பாதி வயிறுகூட நிரம்பாமல்தான் வண்டியைக் கொடுத்திருந்தான். கிணத்துக்கடவுக்கு முன்னால் ஓர் ஓட்டலில் நிறுத்தினோம். இரண்டு சார்ஜரில் ஒன்று வேலை செய்யவில்லை, இன்னொன்றில் ஒரு குடும்பம் முன்னால் நின்றது. நான் ஆனந்தமாக மெதுவடை தின்றேன். மோட்டாருக்குக் கரண்ட் ஏறுவதைப் பார்ப்பதில் எனக்குச் சலிப்பே வராது. வசந்தாமணிக்கோ ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். "பெட்ரோல் பங்க்கா இருந்திருந்தா இன்னேரத்துக்கு பாலக்காடே போயிருப்பேன்" என்றாள்.

டிசம்பர் 11, வியாழன்

தீர்ப்பு எழுதிவிட்டேன். மின்சார வண்டியே வாங்கிவிடலாம். பட்டறையில் த்ரீ பேஸ் லைன் இருக்கிறது, சார்ஜுக்குக் குறைவில்லை. அவளுடைய யூனிட், திருப்பூர் போய் வருவது, இரண்டு மூட்டைக்கு டிக்கி, எல்லாவற்றுக்கும் அதுதான் பொருத்தம். ஓட்டப்போகிறவள் கேட்ட வண்டி. எனக்கும் மோட்டார் மேல்தான் மனசு. ஹைப்ரிட் கேட்டதெல்லாம் தூர ரோட்டுக்காக. தூர ரோடு இனி எனக்கு இல்லை.

வரைபடத்தை மடித்து வைத்தேன். நாக்பூருக்கு அந்தப் பக்கமும் ஊர்கள் இருக்கத்தான் செய்யும், நான் பார்க்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அழுகை வந்தது. பட்டறையில் யாரும் இல்லை, அழுது முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 12, வெள்ளி

காலையில் ஷோரூம். ஷர்மிளா இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"எலக்ட்ரிக் குடுத்துருங்க" என்றேன். குரல் நடுங்காமல் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"அது வேண்டாமுங்க" என்றாள் வசந்தாமணி. "அந்த இன்னொண்ணக் குடுங்க. ரெண்டுலயும் ஓடுறத."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்புள்ள, ரெண்டு பொண்டாட்டிக்காரன்னு அத்தன வாய் பேசுனியே?"

"பேசுனேன். ஊருக்குள்ள கரண்டுலயே ஓடுது, திருப்பூருக்குப் போனாலும் கொஞ்சம்தான் பெட்ரோல் குடிக்கும். மூட்டை பின்சீட்டுல வந்தா வந்துட்டுப் போகுது. தெனமும் பிளக் நீங்க போடுங்க, கரண்ட்டு உங்க வேலைதானுங்க. ஆனா வழியில சார்ஜருக்கு நின்னு வடை தின்னுட்டு இருக்கறதுக்கு என்னால ஆகாது."

"எந்த வழியில?"

"காஷ்மீருக்குப் போற வழியிலீங்க."

ஷர்மிளா குனிந்து மேசை மேல் எதையோ தேட ஆரம்பித்தார்.

"நாக்பூருக்கு அந்தப் பக்கம் நான் ஓட்டறேன்" என்றாள்.

கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன். "அப்ப நாக்பூர் வரைக்கும்?"

"அதுவும் நான்தானுங்க. நீங்க பக்கத்துல உக்காந்து வழி சொல்லுங்க."

நாற்பத்தி நாலாம் நம்பரில் வழி சொல்ல என்ன இருக்கிறது? இங்கிருந்து போய்ச் சேலத்தில் ஏறிவிட்டால் காஷ்மீர் வரை ஒரே ரோடு. அது அவளுக்கும் தெரியும்.